பூவரசடிக் கிணற்றில் கடலைத் தோண்டி எடுத்த கதை

செத்தும் பிடிவாதம் மாறாத மகராசா, ஊர்த் தண்ணீருக்கு முடிசூடா மன்னா, என் ஒரே தங்கச்சியின் புருசா, மச்சான் வேலாப்போடி!

பதினாலு உலகமும் சாட்சியாக, இந்தக் குறிச்சியில் எனக்கு மிச்சமிருக்கும் மானம் மரியாதையின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன்: இப்போது எழுதப்போகும் கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. நீயும் நம்பமாட்டாய். உயிரோடிருந்தபோதே நான் சொன்ன எதையும் நீ நம்பியதில்லை; போன பிறகா திருந்தப்போகிறாய்?

கையெழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இரண்டு வரி எழுதுவது, எழுந்து வாசல் படலைவரை போய்க் கிணற்றடியை எட்டிப் பார்ப்பது, திரும்பி வந்து எந்த இடத்தில் விட்டேன் என்று தேடுவது. காலையிலிருந்து இதுதான் என் உத்தியோகம். இன்றைக்கு நகரசபையின் சுகாதாரம் பார்க்கும் சனிட்டரி ஐயா வந்து கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பார் என்று சொன்னார்கள். வாசலில் உன் மருமகனின் மாட்டுவண்டி பூட்டியபடி நிற்கிறது. ஐயா முந்துவாரா, வண்டி முந்துமா? அது தெரியாமல் எனக்குக் காலும் தரிக்கவில்லை, கையும் தரிக்கவில்லை.

உன் மகள் பரிமளத்துக்கு மாதம் நெருங்கிவிட்டது, மச்சான். நீ பேரப்பிள்ளை காணப்போகிறாய் என்று சந்தோசமாகத் தொடங்கவேண்டிய கடிதம் இது. ஆனால் அந்தப் பிள்ளை எந்த ஊர்த் தண்ணீரில் குளிக்கப்போகிறது என்பதுதான் இன்றைய வழக்கு. பூவரசடிக் கிணறு நல்ல தண்ணீர் தந்தால் அவள் தாய்வீட்டில் பெறுவாள். தராவிட்டால் நகரசபை கிணற்றை மண் போட்டுத் தூர்க்கும். உன் மருமகன் தம்பிராசா அவளைத் தன் ஊரான கிரானுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான்.

கிரான் தண்ணீர் என்றால் உன் பெண்சாதி என்ன பாடுபடுவாள் என்று உனக்குச் சொல்லவா வேண்டும்? ஊருக்கெல்லாம் கிணறு கட்டுவித்த மனுசன் நீ, கிரான் பக்கத்து வயல் வட்டையில் வரம்பு பார்க்கப் போன இடத்தில் தாகம் பொறுக்காமல் வாய்க்கால் தண்ணீரை அள்ளிக் குடித்தாய். நெருப்புக் காய்ச்சல் உன்னை அள்ளிக்கொண்டு போனது. ஏன்டா அப்படிச் செய்தாய்? ஒரு சுரைக்குடுக்கையில் கொஞ்சம் கொண்டுபோயிருக்கக் கூடாதா?

சரி. கோபம் கிடக்கட்டும். கதைக்கு வாறன்.

நீ இருந்தபோது அந்தக் கிணறு எப்படி இருந்தது! வாந்திபேதி வந்த வருசத்துக்குப் பிறகு சபைக்காரரின் வாசற்படியை நீ தேய்த்த தேய்ப்பில் படி பள்ளமாகி, அதில் மழைத்தண்ணீர் தேங்கி, தவளை குடித்தனம் நடத்தியது. உன் தொல்லை தாங்காமல்தான் சுற்றுக்கட்டு கட்டினார்கள், சீமெந்துத் தளம் போட்டார்கள், பலகை மூடி போட்டார்கள். கப்பியில் சங்கிலி, சங்கிலியில் ஒரே ஒரு வாளி. எந்த வீட்டு வாளியும், எவ்வளவு பெரிய மனுசரின் செம்பும், அந்தக் கிணற்றுக்குள் இறங்கக்கூடாது என்பது உன் சட்டம். சக்கரவர்த்தி கப்பலேறி வந்து தாகம் என்று கேட்டாலும் அந்த வாளியில்தான் குடித்திருப்பார்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தாய். "மேல் தண்ணியத்தான் அள்ளவேணும். வாளிய அடிக்கு விட்டுக் கலக்காதீங்க," என்று கத்திக்கொண்டே இருப்பாய். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் நாம் குந்தியிருக்கும் மணல்திட்டு. மழை தந்த நல்ல தண்ணீர், கீழே கிடக்கும் உப்புத்தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரி மிதக்கிறது என்றாய். நாங்கள் சிரித்தோம். பாலாடையாம்! வேலாப்போடியார் பசுமாட்டு ஞாபகத்தில் பேசுகிறார் என்றோம்.

நீ போன பிறகு சட்டம் இருந்தது; கத்த ஆளில்லை. மூடியில் ஒரு பலகை போனது. பூவரசம் சருகு விழுந்தது, சேறு கட்டியது. போன ஆவணியில், வெயில் வாவியையே சுண்டக் காய்ச்சிக்கொண்டிருந்த நேரத்தில், சபைக்குப் புதிதாகச் சனிட்டரி ஐயா ஒருவர் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தார். காற்றுப் பலமாக வீசினால் அவர் சைக்கிளைப் பிடிப்பதில்லை, சைக்கிள்தான் அவரைப் பறக்காமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவு மெலிவு. நல்ல மனுசன்.

அவர் எங்களையெல்லாம் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். கிணற்றை இறைத்து, சேற்றை அள்ளி, கிருமி கொல்லும் வெள்ளைத் தூள் போட்டுத் துப்புரவாக்கவேண்டும் என்றார். எல்லோரும் ஓம் என்றோம். அதோடு அவர் வாயை மூடியிருக்கலாம்.

"ரெண்டு குழுவாப் பிரியுங்கோ," என்றார். "றோட்டுக்கு வடக்குப் பக்கத்து ஆக்கள் ஒரு குழு, தெற்குப் பக்கத்து ஆக்கள் மற்றக் குழு. மாறி மாறி இறைச்சால் ஒருத்தருக்கும் களைப்பு வராது."

மச்சான், பறந்துகொண்டிருந்த காகம் நடுவானத்தில் நின்று, "என்ன சொன்னார்?" என்று இன்னொரு காகத்தைக் கேட்டது.

உனக்கு விளங்கும். இந்தக் கடிதத்தை உன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் வெளியூராருக்காகச் சொல்கிறேன். நாங்கள் கண்ணகி அம்மன் பேரில் கொம்பு முறிக்கும் ஆட்கள். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, வடசேரி ஒரு பக்கமும் தென்சேரி ஒரு பக்கமும் இழுக்கும். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றார். வென்றவர்கள் வசை பாடியே அவர்கள் காதைக் கிழிப்பார்கள். தகப்பன் எந்தச் சேரியோ பிள்ளையும் அந்தச் சேரி. நீ வடசேரி, நான் தென்சேரி. என் தங்கச்சியை உனக்குக் கட்டிக்கொடுத்த நாளில் பந்தலையே இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தவர்கள் அல்லவா நாம்?

பாவம், அந்த மனுசனுக்கு இது தெரியாது. அவர் வாய்க்கு வந்தபடி கிழித்த கோடு, எங்கள் பாட்டன் பூட்டன் கிழித்த கோட்டின் மேலேயே போய் விழுந்தது.

சூரியன் தலையைக் காட்டமுன் ஊர் திரண்டது. வயலுக்கு இறைக்கும் பட்டைகள் வந்தன, துலா வந்தது, பறைமேளமும் வந்துவிட்டது. தென்சேரிக்கு அடியேன் தலைவன். வடசேரிக்கு மூத்ததம்பி, தெரியும்தானே, கொம்பிலே தோற்றால் மூன்று நாள் சோறு தின்னாமலும், வென்றால் மூன்று நாள் ஊரைத் தூங்கவிடாமலும் இருக்கும் அதே மூத்ததம்பி.

"என்னகா தென்சேரி," என்றான் எங்கள் முறை வந்ததும். "கிணத்த இறைக்கிறீங்களா, கிணத்துக்குத் தாலாட்டுப் பாடுறீங்களா?"

"தாலாட்டு உனக்குத்தான்," என்றேன். "கேட்டு முடிச்சு மறுகா வாயைத் துடைச்சிக்கொண்டு தூங்கு."

அவ்வளவுதான் போதுமாயிருந்தது. நாங்கள் இறைத்த வேகத்தில் தண்ணீர் நிலத்தில் விழவில்லை. ஆகாயத்தில் ஏறி, வாவியைத் தாண்டி, பனிச்சங்கேணிப் பக்கம் மழையாகப் பெய்தது. அங்கே மீன்பிடிக்கப் போனவர்கள் குடை கேட்டு ஆளனுப்பினார்கள். சேறு போனது. சேற்றோடு நிறுத்தவேண்டும் என்பது ஐயாவின் திட்டம். அடியில் வெள்ளை மணல் தெரிந்தது. வடசேரி ஒருவன் மண்வெட்டியோடு உள்ளே குதித்தான். நாங்கள் மட்டும் மேலே நின்று பார்ப்போமா? நாங்கள் இரண்டு பேரை இறக்கினோம்.

"போதும்! நிப்பாட்டுங்கோ! ஐயோ, போதும்!" என்று சனிட்டரி ஐயா கிணற்றுக் கட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினார்.

"ஐயா வடசேரியாரப் பார்த்துப் பயந்திட்டார். இழுங்க!" என்றான் மூத்ததம்பி.

"ஐயா நம்மளுக்காகத்தான் கத்துறார். தோண்டுங்க!" என்றேன் நான்.

ஆள் மறையும் அளவு தோண்டினோம். பாதாளத்திலிருந்து ஒரு கை வந்து மண்வெட்டியைப் பிடித்து, "அண்ணமாரே, என் கூரை இடிகிறது," என்று கெஞ்சியது. அப்போதுதான் ஊற்று வந்தது பார்! நாலு பக்கமும் குபீரென்று. கண்ணாடி மாதிரித் தண்ணீர். இரண்டு சேரியும் நாங்கள்தான் வென்றோம் என்று குரவை போட்டு ஆடினோம். ஆடிய ஆட்டத்தில் கல்லடிப் பாலம் கூச்சப்பட்டு அசைந்தது.

உன் பெண்சாதி வந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். விட்டதைத் துப்பினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணா," என்றாள். "இது கிணறில்ல. கடல்."

பாலாடையைக் கிழித்துவிட்டோம், மச்சான். நல்ல தண்ணீர் முழுவதையும் அள்ளி வெளியே கொட்டிவிட்டு, அடியில் தூங்கிக்கிடந்த உப்பைக் கை பிடித்து மேலே கூட்டி வந்துவிட்டோம். வேறு எந்த ஊரிலாவது இப்படி நடக்குமா? தாகத்தால் கிணறு வற்றிய ஊர் உண்டு. போட்டியால் கடல் வந்த ஊர் உண்டா?

அதற்குப் பிறகு நடந்ததில் சிரிப்புக் குறைவு. 'இத்தண்ணீர் குடிக்க உதவாது' என்று சபை பலகை நட்டது. காத்தான்குடி முஸ்லிம் அண்ணன் காதர் காக்கா இரக்கப்பட்டு, தன் வீட்டு வளவுக் கிணற்றிலிருந்து பீப்பாயில் நிரப்பி மாட்டுவண்டியில் கொண்டு வந்து தந்தார். வண்டி வராத நாட்களில் சிலர் வாவிக்கரைக் குழித் தண்ணீரைக் குடித்தார்கள். காய்ச்சல் இரண்டு வீட்டில் படுத்து எழுந்தது. உன் பெண்சாதி ஒவ்வொரு சொட்டையும் கொதிக்கவைத்து, மகள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

சனிட்டரி ஐயா எங்கள் தலைவர்கள் இருவரையும் கூப்பிட்டார். ஏசுவார் என்று நினைத்தோம். ஏசவில்லை. "தோண்டின பள்ளத்தைச் சுத்தமான மணலால மூடுங்கோ. பிறகு மூடியைப் பூட்டிப்போட்டு மாரிவரைக்கும் தொடாமல் விடுங்கோ. மேல வாற மழைத் தண்ணி கீழ இருக்கிற உப்பை மெல்ல மெல்ல அமத்தும். இதுக்கு வேற மருந்தில்லை," என்றார். மாரி பிடித்தும் உப்புப் போகாவிட்டால் கிணற்றைத் தூர்ப்பது என்று சபை முடிவெடுத்துவிட்டதாம்.

தொடாமல் விடுவது! நம் ஆட்களால் புண்ணைக்கூடத் தொடாமல் விட முடியாதே. வடசேரி களவாக அள்ளிப் பார்க்கும் என்று நாங்கள் பயந்தோம், தென்சேரி அள்ளும் என்று அவர்கள் பயந்தார்கள். கடைசியில் மூடிக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் திறப்பு என் மடியில், மற்றது மூத்ததம்பி அரைஞாணில். இருவரும் ஒன்றாக வந்தால்தான் கிணறு திறக்கும். இத்தனை மாதமும் நான் பட்ட அவதி அதுதான். திறப்பு மடியில் கனக்கிறது. கால் தானாகக் கிணற்றடிக்குப் போகிறது. அங்கே போனால் மூத்ததம்பியும் நிற்கிறான்.

"என்ன, சும்மா வந்தியா?"

"ஓம், காத்து வாங்க. நீ?"

"நானும் காத்துத்தான்."

ஊரில் அத்தனை காற்று இருந்தும் கிணற்றடிக் காற்றையே நாங்கள் இருவரும் வாங்கித் தீர்த்தோம்.

கார்த்திகை பிறந்து மழை பிடித்தது. பெய்த மழையைச் சொன்னால் நம்பமாட்டாய்: துளி ஒவ்வொன்றும் பூசணிக்காய், கூரைக்கு மேலே வாளைமீன் துள்ளியது. ஆனால் அந்த மழையில்தான் அடுத்த வில்லங்கமும் வந்தது. காதர் காக்காவின் வண்டி சேற்றில் இறங்க முடியாமல் நின்றுபோனது. கிரானில் தம்பிராசாவின் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். இன்னும் ஒரு மழை பெய்தால் பாதை முழுகும். போவதென்றால் இன்றைக்கே போகவேண்டும்.

விடியவே வண்டியோடு வந்து நிற்கிறான். கெட்டவன் இல்லை, மச்சான். அவனுக்கும் பயம்தான்.

"மாமி, இஞ்ச குடிக்கத் தண்ணியில்ல. புள்ளத்தாச்சிய வைச்சிக்கொண்டு என்ன செய்யிற? எங்கட ஊரில ஆறே ஓடுது."

"அந்த ஆத்தில இருந்து வாற வாய்க்காலத்தான் உன்ட மாமனாரும் குடிச்சவர்."

"காய்ச்சல் விதிப்படி வாறது மாமி. தண்ணி என்ன செய்யும்?"

உன் பெண்சாதி முற்றத்தில் இறங்கிப்போய் மாடுகளுக்கு முன்னால் குந்திவிட்டாள். இன்னமும் அங்கேதான் இருக்கிறாள். பரிமளம் உள்ளே சேலைகளை மடிக்கிறாள், விரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். நான் உனக்கு எழுதுகிறேன். வேறு எவரிடம் போய்ச் சொல்வது? மணிச் சத்தம் கேட்கிறது. சைக்கிள். பொறு, வாறன்.

*

வந்துவிட்டேன். ஓடி வந்த வேகத்தில் மை சிந்துகிறது, பரவாயில்லை.

ஊர் முழுக்கக் கிணற்றடியில். நானும் மூத்ததம்பியும் ஒரே நேரத்தில் பூட்டைத் திறந்தோம்; அவன் ஒரு நொடி முந்தியதாக அவன் சொல்வான், நம்பாதே. சனிட்டரி ஐயா மேல் தண்ணீரில் கொஞ்சம் புட்டியில் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு வாய் குடித்தார்.

"உப்பு இறங்கிட்டுது," என்றார். "வெள்ளைத் தூள் போடவேணும். அதுவரைக்கும் கொதிக்கவைச்சுக் குடியுங்கோ. நல்ல தண்ணி."

மேல் தண்ணீரில் ஒரு வாளி அள்ளி நடுவில் வைத்தோம்; ஊர் தள்ளி நின்றது.

"யாழ்ப்பாணத்து நாக்கு," என்றான் மூத்ததம்பி மெதுவாக. "சுண்ணாம்புக் கல்லுத் தண்ணி குடிச்சு வளந்த நாக்கு. அதுக்கு உப்புத் தெரியுமா?"

தம்பிராசாவும் தலையாட்டினான். "ஊராக்கள் ஒருத்தர் குடிச்சு நல்லம் எண்டு சொன்னாத்தான் நான் நம்புவன்."

யார் குடிப்பது? வடசேரி முதலில் குடித்தால் கிணற்றை மீட்டவர்கள் அவர்கள் என்று ஊர் உள்ளவரை பாடுவார்கள். தென்சேரி குடித்தால் நாங்கள் பாடாமல் விடுவோமா? "நீ குடியாதே," "நீ மட்டும் குடிப்பியோ" என்று மறுபடி கயிறு இறுகியது. மச்சான், வாளி நிறையத் தண்ணீர் நடுவில் இருக்க, இரண்டு சேரியும் தாகத்தோடு அதைக் காவல் காத்தோம். மேற்கே மேகம் கறுத்தது. மாடுகள் நிலத்தைக் கிளறின. தம்பிராசா மூக்கணாங்கயிற்றைப் பிடித்துவிட்டான்.

அப்போது உன் மகள் வந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கையில் செம்பு. நேரே வாளிக்குப் போனாள்.

"புள்ள, நீ வடசேரியான்ட மகள்!" என்று என் பக்கத்து ஆள் ஒருவன் கத்தினான்.

"குடிக்கிறது நானில்ல," என்றாள் திரும்பிப் பாராமல். "உள்ளுக்க இருக்கிறவருக்குத்தான் தாகம். அவர் இன்னும் ஒரு சேரிக்கும் கயிறு பிடிக்கல்ல."

"கொதிக்கவைக்க வேணும்!" என்றார் சனிட்டரி ஐயா. என் தங்கச்சியும் மாட்டுக்கு முன்னாலிருந்து அதையே கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

ஆகவே கொதிக்கவைத்தோம்! கிணற்றடியிலேயே மூன்று கல் வைத்தோம். வடசேரி விறகு கொண்டுவந்தது, தென்சேரி நெருப்புக் கொண்டுவந்தது. தண்ணீர் கொதித்து ஆறும்வரை, இந்த ஊரின் வாய்கள் அத்தனையும் ஒரு மண்சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றன. எனக்கு மட்டும் அந்த நேரத்தில் தாடி வளர்ந்து, நரைத்து, உதிர்ந்து, மறுபடி முளைத்தது.

பரிமளம் குடித்தாள். செம்பைத் தம்பிராசாவிடம் நீட்டினாள். அவன் ஒரு மிடறு விழுங்கினான், நின்றான், மிச்சத்தையும் குடித்தான். பிறகு வண்டிப் பக்கம் போய், நுகத்திலிருந்து மாடுகளை அவிழ்த்துவிட்டான்.

உன் பேரப்பிள்ளை இந்த முற்றத்தில்தான் பிறக்கும். மழை இதோ தொடங்கிவிட்டது. கிரான் பாதை இந்நேரம் முழுகியிருக்கும். உன் மருமகன் உன் சாய்மனைக் கதிரையில் குறட்டை விடுகிறான். நாளைக்கு வெள்ளைத் தூள் போடுவார்கள். அதன் நாற்றத்துக்கு மூத்ததம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு ஊரைவிட்டு ஓடுவான் என்று எதிர்பார்க்கிறேன்.

இனிக் கேள். அந்த வாளியை அடிக்கு விட ஒருவரையும் விடமாட்டேன். சபை மறந்தால் சபை வாசலில் குந்துவேன். நீ அந்தப் படியில் விட்டுப்போன பள்ளம் எனக்குப் போதாது, நான் உன்னைவிடப் பருமன். ஆவணி தோறும் சேறு அள்ளுவோம், சேற்றோடு நிறுத்துவோம். குழு ஒன்றுதான். இது சத்தியம். என் சத்தியத்தின் விலை உனக்குத் தெரியும். ஆகவே தங்கச்சியையும் பக்கத்தில் நிறுத்தித்தான் செய்கிறேன்.

இந்தக் கதையில் காகம் பேசியது பொய். பாதாளத்துக் கை பொய். பாலம் அசைந்தது பொய். பூசணிக்காய் மழையும் கொஞ்சம் கூடத்தான். ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை, அதைத்தான் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்: பரிமளத்துக்குப் பிறகு அந்தச் செம்பு கை மாறிக் கை மாறிப் போனபோது, முதலில் குடித்தது எந்தச் சேரி என்று பார்த்துவைக்க நான் மறந்துபோனேன். மூத்ததம்பியும் மறந்துபோனான்.

இப்படிக்கு,
உன் பெண்சாதிக்கு மூத்தவன், உன் மகளுக்கு மாமன், பிறக்கப்போகிறவருக்கு இன்னும் என்ன முறை சொல்லிக் கூப்பிட என்று யோசித்துக்கொண்டிருக்கும்
உன் மச்சான்